எருமைமுதுகு ஏறின அக்கா

"நான் கேக்கல்ல, சொல்லுறன்."

எங்கள் ஒழுங்கையில், அந்தச் சிறு தெரு முழுக்க, இந்த வசனத்தைக் கேட்காத காது கிடையாது. மீன்காரரிடம், கிராம சேவகரிடம், கோயில் தலைவரிடம், பெற்ற மகளிடம் என்று ஆள் பாராமல் அந்த அக்கா இதைச் சொல்வார். குரலை உயர்த்தமாட்டார். வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றிவிட்டு ஆறுதலாகச் சொல்வார். கேட்டவருக்குக் கோபம் வருவதற்குள் அவர் அடுத்த வேலைக்குப் போயிருப்பார்.

நான் பக்கத்து வளவுக்காரி. எங்கள் இரண்டு வளவுக்கும் நடுவில் இடுப்பளவு கம்பிவேலி ஒன்றுதான். அதனால் அந்த வசனத்தில் ஊருக்கு ஒரு பங்கு கிடைத்தால் எனக்கு இரண்டு பங்கு கிடைக்கும். அக்கா இப்போது இங்கே இல்லை. கரடியனாற்றில் தாய்வழி வந்த வயலோரமாக இரண்டு அறை கட்டிக்கொண்டு போய் வருசங்கள் ஆகின்றன. போன அன்று ஒழுங்கையில் பாதிப்பேர் "அப்பாடா" என்றார்கள். எனக்கும் அவர்மீது கோபங்கள் உண்டு. ஆனாலும் அந்தப் பாதிப்பேரில் என்னைச் சேர்க்காதீர்கள்.

முதலில் கோயில் கதையைச் சொல்கிறேன். வைகாசிச் சடங்கு அன்னதானத்துக்கு விடியமுன் போய்ச் சமைப்பது பெண்கள். முதல் பந்தி ஆண்களுக்கு, அடுத்தது வெளியூர்ச் சனத்துக்கு, அதற்கடுத்தது பிள்ளைகளுக்கு. எல்லாம் முடிந்து, கிடாரத்தின் அடியில் ஒட்டிக்கிடப்பது சமைத்தவர்களுக்கு. ஒரு வருசம் அக்கா கரண்டியை வைத்தார், கையைக் கழுவினார், முதல் பந்தியில் ஒரு இலையை விரித்து நடுவில் உட்கார்ந்தார்.

கோயில் தலைவர் ஓடிவந்தார். எங்கள் பக்கத்தில் எந்தப் பெண்ணையும் 'கா' என்றுதான் கூப்பிடுவது. "என்ன கா இது? பொம்புளையள் பிறகுதானே?"

"விடியச்சாமம் எழும்பின ஆளுக்குத்தான் முதல்ல பசிக்கும். கறியை இஞ்சால அனுப்புங்க."

"சாமி காரியம் கா. ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே."

"நான் கேக்கல்ல, சொல்லுறன்."

எனக்கும் பக்கத்தில் ஒரு இலையைப் போட்டார். நான் தலைவரைப் பார்க்காமல் குனிந்துதான் சாப்பிட்டேன். ஆனால் கறி சூடாக இருந்தது. அந்தக் கோயிலில் அதற்கு முன் நான் சூடான கறியைக் கண்டதே இல்லை.

இப்படிப்பட்டவர் தன் வீட்டுக்குள் மட்டும் எப்படி அடங்கினார் என்பதுதான் எனக்குப் பிடிபடாமல் இருந்தது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மகள் கலியாணம் முடித்தால் மருமகன் பெண்வீட்டில் வந்து குடியேறுவார். தாய், வீட்டை மகள் பேருக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் பின்பக்கம் ஒதுங்குவார். அக்காவின் தாய் அப்படித்தான் ஒதுங்கினார், அக்காவும் ஒதுங்கினார். புருஷன் செத்த பிறகு தனி ஆளாக நின்று ஓடு மாற்றி, ஒழுங்கைப் பக்கம் மதில் எழுப்பி நிமிர்த்தின வீட்டை ஒற்றை மகளுக்கு எழுதிவிட்டு, நெல்மூடை அடுக்கும் பின்னறைக்குக் கட்டிலைத் தூக்கிப் போட்டுக்கொண்டார். சாவிக்கொத்து அன்றைக்கே மகளின் இடுப்புக்கு மாறியது. சமைக்கிற குசினி மட்டும் மாறவில்லை.

மகளோ மருமகனோ கெட்டவர்கள் இல்லை. மருமகன் ஒரு கந்தோரில் நல்ல வேலை, குடி இல்லை, சத்தம் இல்லை. "மாமி, தேத்தண்ணி." "அம்மா, புள்ள அழுகுது." "மாமி, நாளைக்கு எனக்கு வெள்ளனப் போகோணும்." எல்லாம் மரியாதையான சொற்கள்தான். அந்த மரியாதைக்குள்ளே அக்காவுக்கு ஒரு பகல்கூட மிஞ்சவில்லை. பேரப்பிள்ளை பிறந்த பிறகு அவர் என் வேலியோரம் வந்து நிற்பதும் குறைந்துபோனது.

ஒரு நாள் ஈர உடுப்பைக் கொடியில் போட்டுக்கொண்டே சொன்னார். "எருமைமுதுகு ஏறப்போறன் கா. வயல் வெட்டிச் சூடடிப்பு முடிஞ்ச கையோட. நீயும் வாறாய்."

"என்னையும் கேக்கமாட்டீங்களா?"

"உன்னட்டக் கேட்டா நீ யோசிப்பாய்."

எருமைமுதுகு என்பது கரடியனாற்றுக்கும் அப்பால் மேற்கே, காடு மூடிக் கிடக்கிற ஒரு நீளமான மலை. படுத்திருக்கும் எருமையின் முதுகும் தலையுமாகத் தெரியும். மலைநாட்டுக்காரர் பார்த்தால் மேடு என்று சொல்லிவிட்டுப் போவார்கள். வாவிக்கும் கடலுக்கும் நடுவே தட்டையாகக் கிடக்கும் எங்களுக்கு அதுதான் மலை. அக்காவின் வயல்வட்டை அதன் அடிவாரத்துக்கு நேரே இருக்கிறது. கலியாணம் முடித்த வருசத்திலிருந்து ஒவ்வொரு அறுவடை வெட்டுக்கும் அங்கே வாடிக் குடிசையில் இருந்துதான் கூலிக்காரருக்குச் சோறாக்கினார். அடுப்புக்கு முன்னால் நிமிர்ந்தால் மலை.

"ஆம்புளையள் தேனெடுக்கப் போவாங்க, தடி வெட்டப் போவாங்க. பின்னேரம் வந்து மேல நிண்டா கடல் தெரியுது எண்டு கதைப்பாங்க. நான் சோத்தைப் போட்டுப்போட்டு அதைக் கேட்டுக்கொண்டிருப்பன். அடுத்த வெட்டுக்குக் கூட்டிப்போறன் எண்டு இவர் சொல்லுவார். மறுகா இயக்கம், ஆமி எண்டு சண்டை, காட்டுப்பக்கம் தலை காட்ட ஏலா. அது முடியக்குள்ள இவர் இல்ல." கொடியில் கிடந்த குழந்தைத் துணியை உதறினார். "ஒரு நாள் கா. எனக்கெண்டு ஒரு பகல். அதுக்கு மேல ஒண்டும் வேணாம்."

அன்று இரவே வீட்டில் சொல்லிவிட்டார். கம்பிவேலி வழியாக எல்லாம் கேட்டது.

"மாமி, உங்களுக்கு ஏலா" என்றார் மருமகன். அக்கறையாகத்தான் சொன்னார்.

"சனம் என்னம்மா சொல்லும்? இந்த வயசில காட்டுக்குள்ள! புள்ளைய ஆரு பாக்கிற?" என்றாள் மகள். "வீட்டை எழுதித் தந்திட்டு இப்ப எங்களோட கோவிச்சு நடக்கிறீங்களா?"

"கையெழுத்து வைக்கக்குள்ள நான் வீட்டைத்தான் குடுத்தன் புள்ள. என்னையும் சேத்துக் குடுக்கல்ல."

அதோடு எழும்பிப் போய்ப் பாத்திரங்களைக் கழுவத் தொடங்கினார்.

அக்காவின் முழங்காலில் ஏற்கனவே தேய்மானம். மாடிப்படி ஏறவேண்டாம் என்று டொக்டர் சொல்லியிருந்தார். நான் அதை ஞாபகப்படுத்தினேன். "மாடிப்படியைத்தானே சொன்னாரு, மலையைச் சொல்லல்லையே" என்றார். என்றாலும் முழங்காலை ஒருவழிக்குக் கொண்டுவர வேண்டும் என்று அவருக்கும் தெரியும். அதற்குப் பழக வேண்டும். எங்கே பழகுவது? எங்கள் ஊரில் ஏறுவதற்கென்று ஒன்றும் இல்லை. கல்லடிப் பாலம்தான் உயரம். பின்னேரங்களில் குழந்தையை இடுப்பில் தூக்கிவைத்துக்கொண்டு பாலத்தில் ஏறி இறங்கினார். காற்று வாங்கப் போகிறார் என்று மகள் நினைத்தாள். குழந்தைதான் அவருடைய சுமை, மூச்சுப் பயிற்சி எல்லாம். நான் பின்னால் நாய்க்கு மூச்சு வாங்குவதுபோல் வாங்கிக்கொண்டு போவேன்.

பாலம் போதாது என்று ஒரு நாள் பட்டணத்தில் புதிதாகக் கட்டின கடைத்தொகுதிக்குப் போனோம். மூன்று மாடி. ஏறினோம், இறங்கினோம், திரும்ப ஏறினோம். காவல்காரர் மறித்தார்.

"அம்மா, என்ன வாங்கப் போறீங்க?"

"வாங்க வரல்ல மனே. ஏற வந்தம்."

அவர் எங்களை இரண்டு பைத்தியங்கள் என்று முடிவுகட்டி வழியை விட்டார். கீழே சப்பாத்துக் கடையில் அக்கா பள்ளிக்கூடப் பிள்ளைகள் போடும் வெள்ளைக் கன்வஸ் சப்பாத்தை எடுத்துப் பார்த்தார். "பேரப்புள்ளைக்கா அம்மா?" என்றார் கடைக்காரர். அக்கா காலைத் தூக்கி ஸ்டூலில் வைத்து, "இந்தப் பேரப்புள்ளைக்கு" என்றார்.

மூன்றாவது ஆளாகச் சேர்ந்தவர் ஏறாவூர் ராத்தா; முஸ்லிம்கள் அக்காவை அப்படித்தான் சொல்வார்கள். வீடு வீடாகச் சீலை கொண்டுவந்து விற்பவர். பல வருசம் வெளிநாட்டில் வீட்டுவேலை செய்துவிட்டுத் திரும்பியவர். அக்கா அவரிடமும் கேட்கவில்லை, சொன்னார். ராத்தா சீலைப் பொட்டலத்தைக் கட்டிக்கொண்டே, "அங்க அவ்வளவு காலம் இருந்தும் ஒரு பகலுக்கு வெளிய விடல்ல அக்கா. நான் வாறன்" என்றார்.

திட்டம் போடுவதில் அக்காவை அடிக்க ஆளில்லை. பஸ் ஏறிப் போய் மலையடிவாரத்தில் எருமைப்பட்டி வைத்திருக்கும் ஒருவரைப் பிடித்து வழி காட்டச் சம்மதிக்கவைத்தார். பட்டிக்காரர் சொன்ன எதையும் அக்கா மீறவில்லை. ஓடை வற்றியிருக்கிற மாதம் வரவேண்டும். உச்சி வெயிலுக்குமுன் மேலே நிற்கவேண்டும், வெயில் சரியுமுன் கீழே வந்துவிடவேண்டும், பின்னேரம் குளத்துக்குப் பெரியாக்கள் தண்ணிக்கு வருவார்கள். பெரியாக்கள் என்றால் யானை. காட்டுக்குள் அந்தப் பேரைச் சொல்லக்கூடாது. யார் சொல்வதைக் கேட்பது, யார் சொல்வதைக் கேட்காமல் விடுவது என்பதில் அக்காவுக்கு ஒரு கணக்கு இருந்தது. ஏறத் தெரிந்தவர் ஏலாது என்றால் கேட்பார். ஏறாதவர் சொன்னால் கேட்கமாட்டார்.

எனக்கு வேலைக்கு விடுமுறை என்பதால் ஒரு போயா, பௌர்ணமி நாளைக் குறித்தோம். முதல் நாள் பின்னேரம் மருமகன் மெல்ல ஆரம்பித்தார். "மாமி, நாளைக்கு எங்களுக்கு ஒரு கலியாணவீடு. புள்ளைய உங்களிட்ட விட்டிட்டுப் போகலாம் எண்டு..."

"புள்ளையக் கொண்டு போங்க தம்பி. கலியாணவீட்டில புள்ளையளுக்கும் சோறு போடுவாங்க."

மறுநாள் கருக்கலில் நான் ஒழுங்கையில் நின்றேன். ராத்தா சொன்ன ஆட்டோ சந்தியில் நின்றது. அக்காவின் வீட்டு இரும்புக் கேற்றில் ஆமைப்பூட்டு தொங்கியது. மற்ற நாட்களில் அந்நேரம் அது திறந்திருக்கும், அக்காதான் எழும்பித் திறப்பார். அன்று கேற்றுச் சாவி கொழுவும் ஆணி வெறுமையாக இருந்ததாம்.

கேற்றுக் கம்பிக்கு அந்தப்பக்கம் அக்கா நின்றார். நீலச் சுடிதார், வெள்ளைச் சப்பாத்து. அவரை நான் அப்படிக் கண்டதே இல்லை. உள்ளே முன்னறையில் லைற் எரிந்தது. யன்னல் சீலைக்குப் பின்னால் மகள் நிற்பது எனக்கே தெரிந்தது.

"தட்டுங்க அக்கா. சாவியைக் கேளுங்க" என்றேன்.

"நான் கேக்கமாட்டன்."

என் வேலிப்பக்கமாக வரச்சொல்லலாம் என்று பார்த்தால் அங்கே என் மாமியார் வளர்த்த முள்முருங்கை வரிசை. அதற்குள் அக்கா மதிலைப் பார்த்துவிட்டார். தோளுக்கு மேல் உயரமான மதில், உச்சியில் உடைந்த போத்தல் ஓடு பதித்திருந்தது. பதிக்கச் சொன்னதே அவர்தான், கள்ளருக்குப் பயந்து, மருமகன் வருமுன். இப்போது பின்னறைக்குப் போய் இரண்டு நெல்லுச்சாக்கை எடுத்துவந்தார். மடித்து ஓட்டின் மேல் போட்டார். உடுப்புத் தோய்க்கும் கல்லை உருட்டிக்கொண்டு வந்தார். சாப்பாட்டுப் பையை என்னிடம் எறிந்தார்.

"அக்கா, முழங்கால்!"

"பிடி கா, கதையாத."

ஒரு கால் மேலே வந்தது. பிறகு ஒரு முனகல். பிறகு முழு அக்காவும் மதிலின் மேல், கிழக்கே வெளுக்கும் வானத்துக்கு எதிராக, சாக்கின் மேல் குந்தியிருந்தார். அப்போதுதான் யன்னல் சீலை விலகியது. மகளும் தாயும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அக்கா இந்தப் பக்கம் என் தோளில் காலை வைத்து இறங்கினார். அந்தத் தோள் எனக்கு ஒரு கிழமை நொந்தது.

பட்டிக்காரருக்கு வெறுங்கையோடு போகக்கூடாது என்று ராத்தா ஒரு சட்டி தயிர் வாங்கி வந்திருந்தார். எங்கள் ஊரில் யார் எங்கே போனாலும் மடியில் ஒரு தயிர்ச்சட்டி இருக்கும். அந்தப் பழக்கத்தில் எருமைப்பட்டி வைத்திருக்கும் மனிதருக்கே நாங்கள் தயிர் கொண்டுபோனோம். அவர் சட்டியையும் எங்களையும் மாறிமாறிப் பார்த்தார். "இது என்ட தயிராத்தான் இருக்கும்" என்று திருப்பித் தந்துவிட்டார். ஆகவே அந்தச் சட்டியும் எங்களோடு மலை ஏறியது. சுமந்தது நான்.

காட்டு வாசலில் பட்டிக்காரர் ஒரு இலைக்குழையை முறித்து மரத்தடியில் போட்டுக் கும்பிட்டார். நாங்களும் போட்டோம். முதலில் சமதரை, பிறகு வற்றின ஓடை, பிறகு வேர்களும் கல்லும். நான் மூச்சுக்குப் போராடினேன். ராத்தா வாய்க்குள் ஓதிக்கொண்டு நிதானமாக ஏறினார். அக்கா ஒரு தடியை ஊன்றி, நல்ல காலை முதலில் வைத்து, நோகிற காலைப் பின்னால் இழுத்து, யாரோடும் பேசாமல் ஏறினார். ஒரு கல்லில் கால் சறுக்கி முழங்காலில் அடிபட்டது. பட்டிக்காரர் திரும்பினார்.

"அம்மா, ஏலாட்டி இதில இருங்க. இறங்கக்குள்ள கூட்டிப்போறன்."

"இனி எவ்வளவு கிடக்கு?"

"முக்கால்வாசி ஏறிட்டம். நேரமும் கிடக்கு."

"அப்ப ஏலும்" என்றார் அக்கா.

காட்டுக்குள் சிக்னல் இல்லாமல் செத்துக் கிடந்த அக்காவின் போன், மரங்கள் குறைந்த ஒரு பாறைக்கு வந்ததும் அடித்தது. மகள். எனக்கும் கேட்கிற அளவுக்கு அழுதுகொண்டிருந்தாள்.

"அம்மா, புள்ளைக்குக் காயுது."

அக்கா அப்படியே நின்றார். "எவ்வளவு காயுது?"

"கொஞ்சம். மூக்கும் ஒழுகுது. நாங்க கலியாணத்துக்கும் போகல்ல. நீங்க வாங்கம்மா."

"அலுமாரி மேல்தட்டில காய்ச்சல் மருந்துப் பாணி கிடக்கு. குடு. ஈரத்துணியால துடை. கூடினா மனுசனோட ஆசுபத்திரிக்குப் போ, சந்தி திரும்பினா ஆசுபத்திரிதானே."

"நீங்க இல்லாம எனக்கு ஏலா."

"ஏலும். உன்ன வளக்கக்குள்ள எனக்கு ஆரு நிண்டது?"

வைத்துவிட்டார். எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. ஒரு மலைக்காக, ஒரு வீம்புக்காக, காய்ச்சல் பிள்ளையையும் அழுகிற மகளையும் விட்டுவிட்டு நிற்கிற இவர் என்ன பெண் என்று நினைத்தேன். வாயைத் திறந்தும்விட்டேன். அதற்குள் அவர் போனை என் கையில் திணித்தார்.

"நீ வெச்சிரு கா. என்ட கையில கிடந்தா நான் திரும்பிருவன்."

என் கோபம் அந்த இடத்திலேயே எங்கேயோ போய்விட்டது. போனை என் பைக்குள் அடியில் வைத்தேன். அது மறுபடி அடித்தால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாமல் இருந்தது. அது அடிக்கவில்லை.

உச்சிக்குமுன் மேலே நின்றோம். பெரிய அதிசயம் ஒன்றும் இல்லை. ஒரு மொட்டைப் பாறை, காற்று, கீழே சுற்றிவரக் காடு. கிழக்கே அறுத்து முடித்த வட்டைகள், அதற்கப்பால் ஒரு வெள்ளிக் கோடாக வாவி, அதற்கும் அப்பால் கடலா வானமா என்று தெரியாத நீலம். பிட்டும் கூனிச் சம்பலும் சாப்பிட்டு, சட்டிக்குள் சீனியைக் கொட்டி நாலு பேரும் தயிரைத் தின்றோம். அக்கா சப்பாத்தைக் கழற்றிவிட்டு, வீங்கின முழங்காலைத் தடவிக்கொண்டு, கண்ணைச் சுருக்கிக் கிழக்கேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கா, உனக்குக் கண் நல்லம். எங்கட வீடு தெரியுதா?"

நன்றாகத் தேடிப் பார்த்தேன். "இல்ல அக்கா. பாலம்கூடத் தெரியல்ல."

"நல்லது" என்றார். பாறையில் நீட்டிப் படுத்து, முந்தானை இல்லாத அந்தச் சுடிதாரின் சால்வையால் முகத்தை மூடிக்கொண்டார். நித்திரையா அழுகையா என்று நான் பார்க்கப்போகவில்லை. பட்டிக்காரர் நேரமாகிறது என்று எழுப்பும்வரை யாரும் அவரைக் கூப்பிடவில்லை. எத்தனையோ வருசத்துக்குப் பிறகு அவரை யாரும் கூப்பிடாமல் இருந்த நேரம் அதுவாகத்தான் இருக்கும்.

வெயில் சரியுமுன் இறங்கினோம், சொன்ன சொல் தவறவில்லை. பொழுதுபடுகிற நேரம் ஒழுங்கைக்குள் வந்தோம். ராத்தா சந்தியிலேயே இறங்கிப் பஸ் பிடிக்கப் போய்விட்டார். அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி நடந்தார்.

கேற் இரண்டு பக்கமும் விரியத் திறந்து கிடந்தது. மருமகன் வாசலில் நின்றார். பக்கத்தில் மகள், இடுப்பில் குழந்தை. குழந்தை ஒரு பிஸ்கட்டைச் சப்பிக்கொண்டு அக்காவைக் கண்டதும் கையை நீட்டியது. அக்கா அதன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், மூக்கைத் துடைத்துவிட்டார். "காயல்ல" என்றார். பிறகு திறந்த கேற்றைத் தாண்டி மதிலோரமாக நடந்தார். காலையில் போட்ட சாக்குகள் அப்படியே அதன்மேல் கிடந்தன.

"மாமி, கேற் திறந்துதானே கிடக்கு!"

"திறங்க எண்டு நான் கேக்கல்லையே தம்பி."

"அம்மா, சனம் பாக்குது!" என்றாள் மகள். உண்மைதான், ஒழுங்கை முழுக்க வேலியில் நின்று பார்த்தது.

அக்கா என்னைப் பார்த்தார். கேட்கவில்லை. நான் குனிந்து கைகளைக் கோத்து நீட்டினேன். அந்த அழுக்குச் சப்பாத்தை அதில் ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு, அவர் மதில் மேல் ஏறினார். மருமகன் உள்ளே ஓடிப்போய்க் கீழே நின்று, விழுந்துவிடுவாரோ என்ற பயத்தில் இரண்டு கையையும் ஏந்தினார்.

"கையை எடுங்க தம்பி" என்று மேலிருந்து சொல்வது கேட்டது. "இறங்க எனக்குத் தெரியும். இவ்வளவு நேரமும் இறங்கித்தான் வந்தன்."